தலைவரின் மூன்றாவது கை

புன்னகைப் பூந்தளிர் அறக்கட்டளையின் முகாமுக்குப் போய்வந்த குழந்தைகளில் நூறு சதவீதம் பேர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை, அறக்கட்டளையே சொல்கிறது. அவர்களுடைய ஆண்டறிக்கையின் அட்டையில், தலைவர் படத்துக்குக் கீழே, ஒரு சூரியகாந்திப் பூவுக்குள் அச்சடித்திருக்கிறார்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மே மாதந்தோறும், பிள்ளைச்சாவடியைத் தாண்டி ஒரு கடலோர ரிசார்ட்டில், மூன்று நாள் முகாம் நடத்துவது அவர்கள் தொண்டு. வருஷத்தின் மீதி நாளெல்லாம் அந்த மூன்று நாளைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் அவர்கள் தொண்டுதான். முதல் தொண்டுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டாவது தொண்டுக்கு ஒரு மாடி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட இடத்துக்குத்தான் தனிஸ்லாஸ் ஒரு போட்டோ கேட்டுப் போனான்.

தனிஸ்லாஸ் புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். தோளில் ஒன்று, கையில் ஒன்று தூக்கிக்கொண்டு மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறிவிடுவான். யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்று சொல்லிவிடுகிற சுபாவம். மகள் ஆஷ்லினுக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதுகூட வாயில் முதலில் வந்தது 'சரிங்க'தான். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகுதான் அழுதான். இப்போது அந்தக் காலம் கழிந்துவிட்டது. மருந்தெல்லாம் முடிந்து, கொட்டின முடி திரும்ப வளர்ந்து, ஆஷ்லினின் கழுத்தைத் தொடுகிறது. ஈஸ்டருக்குப் பிறகு மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கப் போகிறாள். அன்றைக்கு வைக்கிற வெள்ளைக் கிரீடத்துக்குக் கிளிப் குத்த முடி போதுமா என்று தினம் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள்.

போன மே மாதம் முகாமுக்குப் போனபோது அவள் மொட்டை. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு மொட்டை. அவள் பெயர் ஜாஸ்லின், முத்தியால்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவரின் மகள். படம் வரைய என்று கொடுத்த ஸ்கெட்ச் பேனாவில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நகத்துக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டார்கள். முகாமைத் திறந்துவைத்த தலைவர் எப்படிப் பேசினாரோ அப்படியே ஜாஸ்லின் பேசிக் காட்டுவாள். 'அன்பு மழலைகளே' என்று ஆரம்பித்து, தோளில் இல்லாத சால்வையைச் சரிசெய்து, மூக்கால் ஒரு முறை 'க்ஹும்' என்று உறுமிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போவாள். அந்த உறுமலில் ஆஷ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்படிச் சிரித்த ஒரு சமயம், ஜாஸ்லின் அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தபோது, முகாம் புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்தார்.

முகாமுக்குள் பெற்றோருக்கு அனுமதியில்லை. கைபேசிக்கும் அனுமதியில்லை. குழந்தைகளின் அந்தரங்கத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதால் புகைப்படக்காரர்கள் நால்வருக்கு மட்டும் அனுமதி உண்டு. ஆகவே அந்தப் படம் அறக்கட்டளையிடம்தான் இருந்தது.

நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் ஜாஸ்லின் இறந்துபோனாள். அவள் அப்பா பட்டறையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆஷ்லின் சொன்னாள். "அப்பா, ஜாஸ்லின் மூஞ்சி மறந்துபோவுதுப்பா. மூக்கு ஞாபகம் இருக்குது. கண்ணு வரமாட்டேங்குது. அந்த போட்டோவ வாங்கிக் குடேன்."

"சரி பாப்பா" என்றான் தனிஸ்லாஸ்.

அறக்கட்டளையின் அலுவலகம் கடற்கரைப் பக்கம், மஞ்சள் அடித்த பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் இருந்தது. மாடியில் இம்பாக்ட் மேனேஜர் சாந்த்ரின் இருந்தார். அப்பா வழியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரீசில் இரண்டு வருஷம் இதையே படித்துவிட்டு வந்தவர். எதை, என்று கேட்காதீர்கள். அவருக்குப் பின்னாலிருந்த சுவரில் கதவளவு பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஒரு மொட்டைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அலோர், சொல்லுங்க சார்" என்றார் சாந்த்ரின்.

"மேடம், போன முகாம்ல எம் பொண்ணும் அவ ஃபிரண்டும் சேந்தாப்ல ஒரு போட்டோ எடுத்தாங்களாம். ஒரு காப்பி குடுத்தீங்கன்னா..."

"நாங்க போட்டோன்னு சொல்றதில்ல சார். 'நம்பிக்கைத் தருணம்'னு சொல்வோம்."

"சரிங்க மேடம். அந்தத் தருணத்துல ஒரு காப்பி."

சாந்த்ரின் கம்ப்யூட்டரில் தேடினார். "ஆஷ்லின்... இருக்கா. செயலில் உள்ள பயனாளி. கூட யாரு?"

"ஜாஸ்லின்."

"ஜாஸ்லின்... செயலில் இல்லை."

"அந்தப் பாப்பா செத்துப்போச்சிங்க மேடம்."

"ஆமா சார், அதத்தான் செயலில் இல்லைன்னு போட்டிருக்கோம்." சாந்த்ரின் பொறுமையாக விளக்கினார். செயலில் இல்லாதவர்கள் அறக்கட்டளையின் படம் எதிலும் வரக்கூடாது என்பது கொள்கை. "கொடையாளர்கள் மனசு சங்கடப்படும் பாருங்க. நாங்க நம்பிக்கையக் குடுக்கறவங்க. சோகத்த வெச்சி வியாபாரம் பண்றவங்க இல்ல."

தனிஸ்லாஸ் சுவரில் அழுகிற குழந்தையைப் பார்த்தான். சாந்த்ரினும் திரும்பிப் பார்த்தார். "அது வேற. அது நம்பிக்கைக்கு முன்னாடி" என்றார்.

"அப்ப அந்த நூறு சதவீதம்னு போட்டிருக்கறது..."

"செயலில் இருக்கறவங்கள்ல நூறு. செத்தவங்களச் சேத்தா நூறு வராது சார். நூறு வரலன்னா கொடை வராது. கொடை வரலன்னா முகாம் இல்ல. முகாமே இல்லன்னா பசங்க எப்படி சார் சிரிப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

தனிஸ்லாஸ் யோசித்துப் பார்த்தான். ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாகப் பார்த்தால்தான் எங்கேயோ இடித்தது. "சரிங்க" என்றான்.

அவன் முகம் விழுந்துவிட்டதைப் பார்த்து சாந்த்ரின் ஒரு வழி சொன்னார். அடுத்த மாதம் இம்பாக்ட் மாலை. கொடையாளர்கள் முன்னால் ஒரு குழந்தை மேடையேறித் தன் கதையைச் சொல்லும். சொன்ன குழந்தைக்கு முகாமில் எடுத்த படம் ஒன்றை ஃபிரேம் போட்டுத் தலைவர் தம் கையாலேயே கொடுப்பார்.

"அந்தப் படத்தயேவா மேடம்?"

"அந்தப் படத்தயேதான். பாருங்களேன், இன்னா சிரிப்பு! இப்படி ஒரு சிரிப்பு எங்க கையில வேற இல்ல."

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸ்டெல்லாமேரி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் குட்டையான மிஷின் அது. மிதிக்கும்போதெல்லாம் டங்குடங்கென்று ஆடும். தனிஸ்லாஸ் மரத்துண்டு, ஓடு, செருப்பின் அடிப்பாகம் என்று என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டான். எதுவும் நிற்கவில்லை.

"போட்டோ கேட்டா கதை கேக்கறாங்களா?" என்றாள் ஸ்டெல்லாமேரி. "இம்பாக்ட்னா இன்னாங்க?"

"முகாமால நமக்கு இன்னா நல்லது நடந்துச்சின்னு சொல்றதாம்."

"ஓ. நம்பள வெச்சி அவங்களுக்கு நடந்தது."

ஆஷ்லின் ஒன்றுதான் கேட்டாள். "ஜாஸ்லின் இருக்கற போட்டோதானப்பா?"

"அதேதான் பாப்பா."

"அப்ப சொல்றேன்."

ஆனால் குழந்தையின் கதையைக் குழந்தையே சொல்லிவிடுவது அறக்கட்டளையில் வழக்கமில்லை. அதற்கென்று சென்னையிலிருந்து பிரேம்குமார் என்கிற கதைசொல்லல் ஆலோசகர் வந்திருந்தார். கதர் ஜிப்பாவும் ஒரு காதில் கடுக்கனும் போட்டிருந்தார். பலகையில் ஒரு கோடு இழுத்தார். கோடு கீழே இறங்கி, பள்ளத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு மேலே ஏறி, பலகையைத் தாண்டிச் சுவரிலும் போனது. "முன்னாடி இருட்டு. நடுவுல முகாம். அப்புறம் வெளிச்சம். உலகத்துல இருக்கறது இந்த ஒரே கதைதான்" என்றார். பிறகு ஆஷ்லின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"முகாமுக்கு வர்றதுக்கு முன்னாடி எப்படிடா செல்லம் இருந்தே?"

"நல்லா இருந்தேன். வீட்ல லூடோ ஆடுவோம். அம்மா தோத்துடுவாங்க."

"ராத்திரியில யாருக்கும் தெரியாம தனியா அழுவியா?"

"தனியா எப்படி அழுவறது? எங்க வீட்ல ஒரே ரூம்தான்."

பிரேம்குமார் சாந்த்ரினைப் பார்த்தார். மறுபடி கேட்டார். "சரி. முகாம்ல எது ரொம்பப் பிடிச்சுது?"

"ஜாஸ்லின்."

"நிகழ்ச்சிகள்ல எது?"

"ஜாஸ்லின் தலைவர் மாதிரியே பேசிக் காமிச்சா. அதான்."

"முகாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப?"

"ரெண்டு நாள் அழுதேன்."

பிரேம்குமார் எழுந்து போய்ப் பலகையைப் பார்த்தார். குழந்தை சொன்னபடி போட்டால் கோடு மேலே ஆரம்பித்துக் கீழே போய் முடிந்தது. "கதை தலைகீழா இருக்கு மேடம்" என்றார் கவலையாக.

"அப்ப திருப்பிப் போட்டுடுங்களேன்" என்றார் சாந்த்ரின்.

அப்படியே செய்தார்கள். பின்னால் அழுத அழுகையை முன்னால் வைத்தார்கள், முன்னால் சிரித்த சிரிப்பைப் பின்னால் வைத்தார்கள். தனிஸ்லாஸ் தயங்குவதைப் பார்த்து, பிரேம்குமார் அவன் தோளில் கைபோட்டுச் சொன்னார். "இதுல பொய்யே இல்ல சார். அழுதது உண்மை, சிரிச்சது உண்மை. இடம்தான் மாறுது. நீங்க வீடு மாத்தினா பீரோ பொய்யாயிடுமா?" ஜாஸ்லினை மட்டும் எங்கேயும் வைக்க இடமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒத்திகை. முதல் வரியில் அழக்கூடாது. மூன்றாவது வரியில் தொண்டை அடைக்க வேண்டும். அதற்குமேல் அழுதால் கொடையாளர்கள் பயந்துவிடுவார்கள், அழாவிட்டால் மறந்துவிடுவார்கள். தகப்பன் பின்னால் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தனிஸ்லாஸை நிற்கவைத்துப் பார்த்த பிரேம்குமாருக்குத் திருப்தியில்லை. "தோள் ரொம்ப அகலமா இருக்கு சார். துன்பப்பட்ட மாதிரியே தெரியல. கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க" என்றார். தனிஸ்லாஸ் குனிந்தான். இன்னும் கொஞ்சம் என்றார். சரிங்க என்று இன்னும் குனிந்தான்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் சாந்த்ரின் காரில் நெல்லித்தோப்புக்கே வந்துவிட்டார். சந்துக்குள் கார் நுழையாததால் டிரைவர் கோவிந்தசாமி முனையில் நிறுத்திவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்துவந்தார். ஸ்டெல்லாமேரி வெள்ளைத் துணியில் ஆஷ்லினுக்குப் புதுநன்மை கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். சாந்த்ரின் ஆஷ்லினின் தலையைத் தடவிப் பார்த்தார். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"முடி ரொம்ப வளந்துபோச்சேம்மா."

"அதுக்குத்தான மேடம் மூணு வருஷமா ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"புரியுது. ஆனா கொடையாளர்களுக்குக் கொழப்பம் வரும். முடியோட வந்து நின்னா, இந்தப் பொண்ணுக்கு இன்னா கொறைச்சல்னு தோணிடும். ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான்." சாந்த்ரின் குரலைத் தாழ்த்தினார். "கீமோவுல போற மாதிரி இல்லம்மா. இது ஆரோக்கியமான மொட்டை. நாங்களே ஆள் அனுப்புவோம்."

தனிஸ்லாஸின் வாயில் 'ச' வந்துவிட்டது. ஸ்டெல்லாமேரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மீதியை விழுங்கிக்கொண்டான்.

"எம் பொண்ணு தலையில மொளச்சது ஒவ்வொண்ணும் நான் பாத்துப் பாத்து மொளச்சது" என்றாள் ஸ்டெல்லாமேரி. கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. "மொட்டை வேணும்னா உங்க தலைவருக்கு அடிங்க. ஊருக்கெல்லாம் நம்பிக்கை குடுக்கறவரு, தலையக் குடுக்கமாட்டாரா?"

சாந்த்ரின் கோபித்துக்கொள்ளவில்லை. 'பயனாளியின் தாயிடமிருந்து ஆலோசனை: தலைவரின் ஒருமைப்பாட்டு மொட்டை' என்று கைபேசியில் குறித்துக்கொண்டு அங்கிருந்தே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. தலைவர் மிகவும் நெகிழ்ந்துபோனதாகவும், மனதளவில் அப்போதே மொட்டையடித்துக்கொண்டுவிட்டதாகவும் அதில் இருந்தது.

கூட நின்ற கோவிந்தசாமி சும்மா இருக்கமுடியாமல் சொன்னார். "மொட்டைக்கா மேடம் பஞ்சம்? போன வாரம்தான் எங்க ரெண்டு பொண்ணுக்கும் மயிலம் முருகன் கோயில்ல மொட்டை போட்டு, காதுகுத்தி இட்டாந்தேன். இன்னும் சந்தனம்கூடப் போகல."

சாந்த்ரின் முகத்தில் அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் வருகிற அதே வெளிச்சம் வந்தது. ஆஷ்லின் முடியோடு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இம்பாக்ட் மாலை கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் நடந்தது. கோவிந்தசாமியின் பெண்கள் இருவரும், சந்தனத்தைக் கழுவி, ஆஸ்பத்திரிப் பச்சை நிறத்தில் கவுன் போட்டு, முன்வரிசையில் உட்கார்த்திவைக்கப்பட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பாதாம் பால் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் முக்கியக் கொடையாளர் மதாம் மிரேய். இங்கே பிறந்து சின்ன வயதிலேயே பிரான்ஸ் போனவர். அங்கே பென்ஷன், குளிர்காலத்துக்கு மட்டும் புதுச்சேரி. நல்ல மனுஷி. அந்த மண்டபத்தில் ஏமாற்றப்படுவதற்கென்றே அழைக்கப்பட்டிருந்த நல்லவர்களில் அவர் முதல் வரிசை.

"உனக்கு எந்த ஆஸ்பத்திரிடா ஷெரி?" என்று மூத்தவளைக் கேட்டார்.

"மயிலம்."

"மயிலத்துலயா! எப்படி முடி எடுத்தாங்க?"

"அப்பா வேண்டிக்கிட்டாரு."

"பாவம் அந்த மனுஷன், வேண்டாம இன்னா பண்ணுவாரு. ரொம்ப வலிச்சுதா?"

"தலையில வலிக்கல. காதுலதான் வலிச்சுது."

"மோன் தியூ, கடவுளே, காதுல வந்திருக்கு" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லி மதாம் மிரேய் கைக்குட்டையை எடுத்தார். இரண்டு வரிசை தள்ளி பிரேம்குமார் அதைப் பார்த்து, ஒத்திகை இல்லாமலே இப்படி வருகிறதே என்று வியந்தார்.

நிறுவனத் தலைவர் டாக்டர் கமலக்கண்ணன் பேச எழுந்தார். அவர் என்ன டாக்டர் என்று புதுச்சேரியில் யாரும் கேட்டதில்லை. ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தை யார் கொடுத்தார்கள் என்பதும் தெரியாது. சால்வையைச் சரிசெய்தார்.

"அன்பு மழலைகளே, க்ஹும், அருமைக் கொடையாளர்களே! ஒரு குழந்தையின் கண்ணீரைத் துடைக்கவேண்டுமானால் முதலில் என்ன வேண்டும்? கண்ணீர் வேண்டும்! அந்தக் கண்ணீரை இந்த ஆண்டும் நாம் போதிய அளவு திரட்டியிருக்கிறோம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். க்ஹும். நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார், புற்றுநோயே இல்லாத உலகம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று. நான் அதிர்ந்துபோனேன். அன்று இரவு தூங்கவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் இத்தனை தொண்டர்களின் கதி என்ன? ஆனால் மருத்துவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அஞ்ச வேண்டாம், அப்படியொன்றும் உடனே நடந்துவிடாது என்றார்கள்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மேடையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆஷ்லின் அந்த உறுமல் வரும்போதெல்லாம் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அதைப் படம் எடுத்தவர், 'தலைவர் உரையில் விம்மும் மழலை' என்று பெயர் வைத்தார்.

ஆஷ்லினை மைக் முன் நிறுத்தினார்கள். பின்னால் தனிஸ்லாஸ் துண்டோடு குனிந்து நின்றான். மூடிவைத்திருந்த ஃபிரேமையே பார்த்துக்கொண்டு, மறைக்கல்வி வகுப்பில் செபம் ஒப்பிக்கிற வேகத்தில், ஒரே மூச்சில் ஆஷ்லின் சொல்லி முடித்தாள். "நான் இருட்டில் இருந்தேன் தனியாக அழுதேன் முகாம் வந்தது வெளிச்சம் வந்தது இப்போது சிரிக்கிறேன் தலைவர் ஐயாவுக்கு நன்றி ஆமென்."

மூன்றாவது வரி எங்கே போனதென்றே தெரியவில்லை. பிரேம்குமார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் கூட்டம் தட்டியது. தலைவர் துணியை விலக்கினார். மேடைத் திரையிலும் படம் பெரிதாக விரிந்தது.

ஆஷ்லின் சிரித்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலை பின்னால் சாய, கண் மூடி, முன்பல் இரண்டும் தெரிய. அவள் பக்கத்தில் ஜாஸ்லின் இல்லை. ஜாஸ்லின் இருந்த இடத்தில் தலைவர் நின்றார். சால்வை போர்த்தி, இரண்டு கையும் கூப்பி. கீழே, 'தலைவரின் அன்பில் மலர்ந்த சிரிப்பு.'

இப்படித்தான் செய்திருந்தார்கள். செயலில் இல்லாதவள் படத்தில் வரக்கூடாது என்பது கொள்கை. பக்கத்தில் காலி இடம் இருந்தால் கேள்வி வரும் என்பது அனுபவம். ஆகவே அவளை எடுத்துவிட்டு அவரை வைத்துவிட்டார்கள். தன்னைக் கிண்டல் செய்து ஒரு குழந்தை சிரிக்கவைத்த இடத்தில் அவரே வந்து நின்றுகொண்டு, அந்தச் சிரிப்புக்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தார். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தலைவர் ஆஷ்லினிடம் மைக்கை நீட்டினார். "சொல்லும்மா. இந்தப் படத்தைப் பார்த்ததும் உன் மனசுல என்ன தோணுது?"

ஆஷ்லின் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு மூணு கை இருக்குது."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டு கை கும்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது கை, மெலிந்த சின்னக் கை, ஆஷ்லினின் கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்து தோளைப் பிடித்திருந்தது. மணிக்கட்டில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரி. ஐந்து நகமும் நீலம். ஆஷ்லினின் தாடையைக் கெடுக்காமல் அந்தக் கையை எடுக்க முடியாது என்று படத்தைத் திருத்தியவர் விட்டுவிட்டிருக்கிறார்.

"அது உங்க கை இல்ல சார்" என்றாள் ஆஷ்லின். குரல் உடைந்தது. "அது ஜாஸ்லின் கை. அவ எங்க?"

பின்னால் நின்ற தனிஸ்லாஸ் நிமிர்ந்துவிட்டான். குனிய வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

தலைவர் ஒரு நொடிதான் திகைத்தார். முப்பது வருஷ மேடை அனுபவம் சும்மா போகுமா? மைக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அன்பு மழலைகளே, க்ஹும்! மழலை வாக்கைப் பாருங்கள்! இவருக்கு மூன்று கை என்கிறது இந்தக் குழந்தை. ஆம்! மூன்றுதான்! இரண்டு கை ஆண்டவன் எனக்குக் கொடுத்தது. மூன்றாவது கை எது? மூன்றாவது கை யாருடையது?" விரல் முன்வரிசையை நோக்கி நீண்டது. "கொடையாளர்களே! நீங்கள்! நீங்கள்தான் என் மூன்றாவது கை!"

மண்டபம் எழுந்து நின்றது. மதாம் மிரேய் விம்மி விம்மி அழுதார். பிரேம்குமார் நிஜமாகவே அழுதார். ஆஷ்லின் "இல்ல சார், அது ஜாஸ்லினோட" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். மைக் அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. அடுத்த நாளே அறக்கட்டளையின் சின்னத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது அவர்கள் கடிதத்தாளில் மூன்று கைகள் இருக்கின்றன.

கூட்டம் கலைந்ததும் தனிஸ்லாஸ் சாந்த்ரினைத் தேடிப் பிடித்தான். "மேடம், இந்த மாதிரி பண்ணாத போட்டோ, மொதல்ல எடுத்தது, அதக் குடுங்க."

"ஒரிஜினலா? அது இப்ப இல்லியே சார்." சாந்த்ரினுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "செயலில் இல்லாதவங்க படமெல்லாம் வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவோம். அந்தக் குழந்தையோட அந்தரங்கம் முக்கியம் இல்லியா?"

சரிங்க என்று தனிஸ்லாஸ் தானாகவே சொல்லாமல் நின்றது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆஷ்லின் பள்ளிக்குப் போகவில்லை. ஃபிரேமை உடைத்துப் படத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் கத்தரிக்கோலைக் கேட்டாள்.

"நான் வெட்டித் தரட்டுமா கண்ணு?" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"வேணாம்மா. நீ நகத்த வெட்டிடுவ."

நாக்கைக் கடித்துக்கொண்டு, மெள்ள மெள்ள வெட்டினாள். சால்வை போயிற்று. கூப்பின கைகள் போயின. கீழே இருந்த எழுத்து போயிற்று. நீல நகங்கள் வந்தபோது கத்தரியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகச் சுற்றி வந்தாள். கடைசியில் அவள் கையில் இருந்தது ஒரு சிரிப்பும், அந்தச் சிரிப்பின் தோளைப் பிடித்திருந்த ஒரு கையும்தான். முகம் இல்லை. முகம் இனி எங்கேயும் கிடையாது. ஸ்டெல்லாமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் ஒத்திகை கொடுக்கவில்லை.

வெட்டின மிச்சம் தரையில் கிடந்தது. நல்ல கெட்டியான தாள். ஸ்டெல்லாமேரி தலைவரை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, மிஷினைத் தூக்கிக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். மிஷின் ஆடவில்லை.

அந்நேரம் பார்த்துச் சாந்த்ரினிடமிருந்து போன் வந்தது. படம் கிடைத்த பிறகு குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அறிக்கையில் சேர்க்க வேண்டுமாம்.

"இன்னா மாற்றம் சார், யோசிச்சுச் சொல்லுங்க."

தனிஸ்லாஸ் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "தையல் மிஷின் ஆடிக்கிட்டே இருக்கும் மேடம். இப்ப நின்னுபோச்சி" என்றான்.

"மானிஃபீக்! பிரமாதம்!" என்றார் சாந்த்ரின். அந்த வருஷத்து ஆண்டறிக்கையில், 'தலைவரின் அரவணைப்பால் ஒரு தாயின் தொழில் நிலைபெற்றது' என்று வந்திருக்கிறது. அறிக்கையில் நான் படித்த ஒரே உண்மை அதுதான்.

தனிஸ்லாஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினான். ஆஷ்லின் அந்தத் துண்டுப் படத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவிட்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். ஸ்கெட்ச் பேனாவால் நகம் ஐந்தையும் நீலமாக்கியிருந்தாள். தோளில் இல்லாத சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்பு மழலைகளே" என்றாள். குரல் அவளுடையது இல்லை.

பிறகு எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தி, மூக்கால் ஒரு தடவை உறுமினாள். கண்ணாடியில், மறந்துபோகாமல் இருந்த அந்த மூக்கைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள்.